கனரக இயந்திர மெக்கானிக் படிப்பு: கட்டணத்தை வைத்து மட்டும் கணக்குப் போடாதீர்கள்

எக்ஸ்கவேட்டர், டோசர், வீல் லோடர், கிரேடர் மாதிரியான இயந்திரங்களைப் பழுது பார்க்கப் படிக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இவ்வளவு கட்டணம் கேட்கிறார்கள், போட்ட பணத்தை எடுத்துவிட முடியுமா?" நியாயமான கேள்வி. சேமிப்பையோ கடனையோ நம்பி எடுக்கிற முடிவு இது, தப்பாகப் போனால் வீடே சுமக்க வேண்டியிருக்கும். ஆனால் கட்டணத்தை ஒரு பக்கமும் விளம்பரத்தில் போட்டிருக்கும் சம்பளத்தை இன்னொரு பக்கமும் எழுதி, ஒன்றை இன்னொன்றால் வகுத்து, "ஆறு மாதத்தில் வந்துவிடும்" என்று முடிவுக்கு வருகிறார்களே, அந்தக் கணக்கு என்னை ரொம்பக் கவலைப்பட வைக்கிறது. கட்டணம் இதில் சின்னப் பகுதி. படிக்கிற காலத்தில் கைக்கு வராமல் போகும் சம்பளம் அதைவிடப் பல மடங்கு. அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது: படித்து முடித்த பிறகு, பக்கத்தில் ஆள் இல்லாமல் ஒரு இயந்திரத்தை உங்களை நம்பி ஒப்படைக்க எவ்வளவு காலம் ஆகும் என்பது.

எண்களோடு பார்த்தால் புரியும். சம்பளம் இடத்துக்கு இடம் மாறும், அதனால் எந்த நாட்டுப் பணமும் வேண்டாம். ஷெட்டில் ஹெல்பராகச் சேருகிற ஒருவரின் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டுப் படிப்பு, கட்டணம் 300, அதாவது ஒரு ஹெல்பரின் மூன்று மாதச் சம்பளம். படிக்கிற ஓராண்டில் வேலைக்குப் போகாததால் இழப்பது 1200. வெளியே தங்கிப் படிப்பதால் கூடுதலாக ஆகும் செலவு மாதம் 20 வீதம் 240. சாப்பாட்டுச் செலவு எப்படியும் இருந்திருக்கும், ஆகவே கூடுதலை மட்டும்தான் சேர்க்க வேண்டும். அடிப்படைக் கருவிகளுக்கு 200. ஆக மொத்தம் 1940. கட்டணம் என்பது இதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

இப்போது வரவு. படித்து முடித்தவர் முதல் ஆண்டில் 110 வாங்குகிறார் என்று வையுங்கள். படிக்காமல் நேராக ஹெல்பராகப் போனவரும் அதற்குள் ஓராண்டு அனுபவத்தில் 110க்கு வந்திருப்பார். வித்தியாசம் பூஜ்யம். இரண்டாம் ஆண்டில் படித்தவருக்கு 150, ஹெல்பருக்கு 115, ஆண்டுக்கு 420 கூடுதல். மூன்றாம் ஆண்டில் 190, 120, கூடுதல் 840. நான்காம் ஆண்டில் 230, 125, கூடுதல் 1260. மூன்றாம் ஆண்டு முடியும்போது திரும்பி வந்திருப்பது 1260, பாக்கி 680. நான்காம் ஆண்டின் ஏழாவது மாதம் வாக்கில் கணக்கு நேராகிறது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் லாபம், அது நின்றுவிடுகிற லாபமும் இல்லை. அதனால்தான் இந்தப் படிப்பு வேண்டாம் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

இதே கணக்கில் இரண்டு மாற்றங்கள் செய்து பாருங்கள். முதலில் கட்டணத்தைப் பாதியாக்குங்கள், 300க்குப் பதில் 150. பணம் திரும்பும் நாள் எவ்வளவு முன்னால் வருகிறது? ஒன்றரை மாதம் கூட முழுசாக இல்லை. அடுத்து, கட்டணத்தைப் பழையபடி வைத்துவிட்டு, பயிற்சி சரியில்லாததால் முடித்தவர் இன்னொரு ஆண்டு ஹெல்பர் வேலையே பார்க்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறார், கிரீஸ் அடிக்கிறார், ஃபில்டர் மாற்றுகிறார், சம்பளமும் ஹெல்பர் சம்பளம்தான். அப்போது பணம் திரும்பும் நாள் ஐந்தாம் ஆண்டின் எட்டாவது மாதத்துக்குப் போய்விடுகிறது. ஓராண்டுக்கும் மேல். கட்டணத்தில் பேரம் பேசி மிச்சம் பிடிப்பதும், நல்ல பயிற்சியாகப் பார்த்துச் சேருவதும் ஒரே தட்டில் வைக்கக்கூடிய விஷயங்களே இல்லை.

இந்த எண்கள் நான் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டவை. உங்கள் பகுதியில் ஹெல்பருக்கு என்ன தருகிறார்கள், மூன்றாண்டு மெக்கானிக்குக்கு என்ன தருகிறார்கள் என்று நாலு இடத்தில் விசாரித்து அந்த எண்களைப் போடுங்கள். விசாரிக்கும்போது பயிற்சி நிலையத்தில் கேட்காதீர்கள், வேலை கொடுக்கிறவர்களிடம் கேளுங்கள்.

கடன் வாங்கிப் படிப்பவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். தவணை பெரும்பாலும் படிப்பு முடிந்த கொஞ்ச காலத்தில் தொடங்கிவிடும். மேலே பார்த்தோமே, வித்தியாசம் பூஜ்யமாக இருக்கிற முதல் ஆண்டு, அந்த ஆண்டில்தான். மொத்தத்தில் லாபமான படிப்பாகவே இருந்தாலும் அந்தப் பன்னிரண்டு மாதம் மூச்சு முட்டும். நல்ல கையுள்ள ஆட்கள் சிலர் தவணைக்குப் பயந்து, கொஞ்சம் கூடுதல் சம்பளம் தருகிற, ஆனால் எதையும் கற்றுக்கொள்ள முடியாத வேலைக்குப் போய் அங்கேயே நின்றுபோவதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. தவணை தொடங்கும் தேதியை முதலில் கேளுங்கள், வட்டி விகிதத்தை அப்புறம் கேட்கலாம்.

சரி, மெக்கானிக்குக்கு ஹெல்பரைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சம்பளம் ஏன் தருகிறார்கள்? இயந்திரம் நிற்கிற நேரத்துக்கு விலை இருக்கிறது, அதனால். ஒரு சைட்டில் எக்ஸ்கவேட்டர் நின்றால் அது ஏற்றிவிட வேண்டிய டிப்பர்கள் வரிசையாகச் சும்மா நிற்கும். ஓட்டுநர்களுக்குச் சம்பளம் ஓடும், வாடகை இயந்திரமாக இருந்தால் வாடகை ஓடும், வேலை தாமதமானதற்கு அபராதம்கூட வரலாம். முதலாளியின் கண்ணில் உங்கள் மதிப்பு நீங்கள் எத்தனை போல்ட் கழற்றினீர்கள் என்பதில் இல்லை, நின்ற இயந்திரம் எத்தனை மணிக்கு மறுபடி ஓடியது என்பதில் இருக்கிறது. அந்த நேரத்தைத் தின்பது பெரும்பாலும் கழற்றி மாட்டுகிற வேலை கிடையாது. கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் நேரத்தைத் தின்னும். இந்தத் தொழிலில் சம்பளம் உயர்வது கோளாறு கண்டுபிடிக்கிற திறமைக்கு, நான் பார்த்தவரை இதில் மாற்றமே இல்லை.

ஒரு எக்ஸ்கவேட்டர் மெதுவாக வேலை செய்கிறது என்று அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரைகுறையாகக் கற்றவர் முதலில் சொல்வது "பம்ப் போயிடுச்சு". ஹைட்ராலிக் எண்ணெயை அழுத்தித் தள்ளி எல்லா அசைவையும் தருகிற மெயின் பம்ப் அந்த இயந்திரத்திலேயே விலை அதிகமான பாகங்களில் ஒன்று. அதை மாற்றியும் கோளாறு அப்படியே இருந்தால் அந்த மெக்கானிக்கை யார் மறுபடி கூப்பிடுவார்கள்? ஒழுங்காகக் கற்றவர் முதலில் கேட்பது, எல்லா அசைவும் மெதுவா, ஏதாவது ஒன்று மட்டும் மெதுவா என்று. பூம், ஆர்ம் என்கிற இரண்டு கைப்பகுதிகள், பக்கெட், மேல்பகுதி சுழலும் ஸ்விங், இயந்திரம் நகரும் டிராவல் எல்லாமே மெதுவென்றால் எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில் தேட வேண்டும்: இன்ஜின் ஆர்பிஎம், மெயின் பம்ப், பைலட் சர்க்யூட். மெயின் சர்க்யூட்டில் அழுத்தம் 350 பார் அளவில் இருக்கும், அதைக் கட்டுப்படுத்துகிற பைலட் சர்க்யூட்டில் 40 பார் பக்கம்தான் இருக்கும். அந்தச் சின்ன அழுத்தம் குறைந்தாலே, எண்ணெய்க்கு வழி திறந்துவிடுகிற வால்வுத் தண்டான ஸ்பூல் முழுசாக நகராது, மொத்த இயந்திரமும் சோம்பிவிடும். காரணம் அடைத்துப்போன ஒரு பைலட் ஃபில்டராக இருக்கலாம். அழுத்தம் அளக்கிற கேஜை மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரு அசைவு மட்டும் மெதுவென்றால் அந்தச் சிலிண்டர், அதன் ஸ்பூல், அழுத்தம் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்கிற அதன் ரிலீஃப் வால்வு என்று வட்டம் சுருங்கும். ஒரு பக்க டிராவல் மட்டும் பலமில்லாமல் இருந்தால், அழுத்தத்தை முழுசாக இறக்கிவிட்டு இரண்டு பக்க ஹோஸ்களையும் மாற்றி மாட்டிப் பார்க்கிற பழைய வழி இருக்கிறது. கோளாறு மறுபக்கத்துக்குப் போனால் மோட்டார் நல்லது, பிரச்சினை பம்ப் அல்லது வால்வு பக்கம். அதே பக்கத்தில் நின்றால் மோட்டாரையோ, டிராக்கைச் சுழற்றுகிற கியர் தொகுதியான ஃபைனல் டிரைவையோ பார்க்க வேண்டும். இப்படி ஒழுங்காக யோசிக்கக் கற்றுத் தருகிற பயிற்சி எவ்வளவு கேட்டாலும் கொடுக்கலாம். கழற்றி மாட்ட மட்டும் கற்றுத் தருகிற இடத்துக்குக் கொடுப்பது வீண், ஏனென்றால் அதை எந்த ஷெட்டிலும் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்றுக்கொள்ளலாம்.

மின்சாரமும் அப்படித்தான், இன்றைக்கு ஒருவேளை ஹைட்ராலிக்கைவிட முக்கியம். இன்ஜின், பம்ப், டிஸ்பிளே எல்லாம் தனித்தனிக் கன்ட்ரோலர்களாக இருந்து கேன் என்கிற இரண்டு கம்பிகள் வழியாகப் பேசிக்கொள்கின்றன. அவை பேசுகிற மொழியான ஜே1939 நெறிமுறையில் வரும் கோளாறு எண்ணில் எந்த இடம் என்பது ஒரு பகுதி, என்ன மாதிரிக் கோளாறு என்பது இன்னொரு பகுதி. கோளாறு எண் வந்தவுடன் அந்த சென்சாரை மாற்றுகிறவர்கள் நிறைய. சென்சார் சரியாக இருந்து கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருக்கும். மல்டிமீட்டரை எடுத்து, மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, அந்த இரண்டு கேன் கம்பிகளுக்கு நடுவே அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும், இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால். 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது. இதைத் தெரிந்தவர் பல மணி நேரத் தடவலைச் சில நிமிடங்களில் முடித்துவிடுவார். ஹைட்ராலிக் வரைபடம் படிப்பதும் இதே வகைதான், ஐஎஸ்ஓ 1219 குறியீடுகள் எல்லாக் கம்பெனிக்கும் பொது. ஒரு தடவை கண் பழகிவிட்டால் இதுவரை தொட்டே பார்க்காத மாடலிலும் எண்ணெய் எங்கிருந்து எங்கே போகிறது என்று காகிதத்திலேயே பின்தொடரலாம்.

இன்ஜின் பக்கம், எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான எரிபொருள் குழாயான காமன் ரெயிலில் 2000 பார் அளவுக்கு டீசல் அழுத்தம். புகைக்கான விதிகள் இறுகியதால், ஐரோப்பாவில் 2019 முதல் ஸ்டேஜ் 5, அமெரிக்காவில் அதற்கு முன்பே டியர் 4 ஃபைனல், புகைபோக்கிக்குள் ஒரு தனித் தொழிற்சாலையே வந்து உட்கார்ந்துவிட்டது. டிபிஎஃப் என்கிற வடிகட்டி கரியைப் பிடித்து எரிக்கிறது, எஸ்சிஆர் என்கிற அமைப்பு 32.5 சதவீத யூரியா கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கிறது. அந்தக் கரைசலில் வேறு ஏதாவது கலந்துவிட்டாலோ, சாம்பல் அதிகம் விடுகிற தப்பான இன்ஜின் ஆயிலை ஊற்றினாலோ கேடு பெரிய விலையுள்ள பாகங்களுக்கு. இதில் ஒழுங்கான பயிற்சி பெற்றவர்களுக்குத் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. நீங்கள் பார்க்கிற பாடத்திட்டத்தில் இது பெயருக்கு ஒரு நாள் பாடமாக இருந்தால் அந்தப் பாடத்திட்டம் பழையது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சாதாரணப் பராமரிப்பை இதனால் குறைவாக நினைக்க வேண்டாம். 10 மணி நேரம் ஓடியதும் ஒரு தடவை கிரீஸ், 250 அல்லது 500 மணி நேரத்துக்கு ஒரு தடவை இன்ஜின் ஆயில், 1000, 2000 என்று ஹவர் மீட்டரைப் பார்த்து நடக்கிற வேலைகள்தான் இயந்திரத்தின் ஆயுள். டிராக் இயந்திரங்களில் பராமரிப்புச் செலவில் பாதி வரைகூட அடிப்பகுதிக்கே, அதாவது செயின், ரோலர், ஐட்லர், ஸ்ப்ராக்கெட்டுக்கே போய்விடும். டிராக் இறுக்கத்தைச் சரியாக வைக்கத் தெரிந்த ஒருவர் முதலாளிக்கு மிச்சப்படுத்துவது கொஞ்சநஞ்சம் இல்லை. ஆயில் சாம்பிள் எடுத்து அனுப்பி, வருகிற அறிக்கையில் இரும்பு, செம்பு, சிலிக்கான் அளவு ஏறுவதைப் பார்த்துக் கோளாறை வரும் முன்பே சொல்வதும் அப்படி. சிலிக்கான் ஏறினால் பெரும்பாலும் தூசி உள்ளே போகிறது, ஏர் ஃபில்டர் பக்கம் பாருங்கள் என்று அர்த்தம். இதெல்லாம் சம்பளப் பேச்சில் வாயால் சொல்லிக்காட்டக் கூடிய, எண்ணால் நிரூபிக்கக் கூடிய திறமைகள்.

இனி எங்கே கற்பது. சம்பளத்தோடு பயிற்சி கிடைத்தால் முதலில் அதையே பாருங்கள், இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. மேலே போட்ட கணக்கிலேயே, கட்டணம் இல்லாமல் மாதம் 70 கொடுத்துக் கற்றுத் தருகிறார்கள், வீட்டிலிருந்தே போய் வரலாம் என்று வையுங்கள். ஓராண்டில் இழப்பது 360, கருவிக்கு 200, மொத்தமே 560. பணம் திரும்புவது மூன்றாம் ஆண்டின் இரண்டாம் மாதத்தில். ஜெர்மனியில் விவசாய, கட்டுமான இயந்திர மெக்கட்ரானிக்ஸ் தொழில் பயிற்சி மூன்றரை ஆண்டு, கம்பெனியில் வேலையும் தொழிற்பள்ளியில் பாடமும் மாறி மாறி, பயிற்சிக் காலம் முழுக்க ஊதியம் உண்டு. கனடாவில் கனரக இயந்திர டெக்னீஷியன் வேலை நாடு முழுக்கச் செல்லுகிற ரெட் சீல் என்ற முத்திரைக்கான தேர்வு உள்ள தொழில்களில் ஒன்று, அப்ரென்டிஸாக வேலை செய்தபடியே படிநிலைகளைத் தாண்டி அந்த முத்திரையை வாங்கினால் மாகாணம் மாறினாலும் மதிப்பு இருக்கும். கேட்டர்பில்லர் டீலர்கள் கல்லூரிகளோடு சேர்ந்து நடத்துகிற திங்க்பிக் என்ற படிப்பு இரண்டாண்டு, கொஞ்ச காலம் வகுப்பு, கொஞ்ச காலம் டீலர் ஷெட். ஆண்டுகள் கூடுதலாகத் தெரியலாம். ஆனால் அந்த ஆண்டுகளில் வருமானம் ஓடுகிறது, முடிக்கும்போது கையில் அனுபவமும் இருக்கிறது.

இந்த வகை இடங்களில் ஒரு கட்டுப்பாடு வரலாம். பயிற்சி முடிந்து இத்தனை ஆண்டு எங்களிடமே வேலை பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று கையெழுத்துக் கேட்பார்கள். அது தப்பு இல்லை, அவர்களும் பணம் போடுகிறார்கள். ஆனால் அந்த ஆண்டுகளில் சம்பளம் எப்படி ஏறும் என்பதும் அதே காகிதத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதித் தரக் கேளுங்கள்.

கட்டணம் கட்டித்தான் சேர வேண்டும் என்ற நிலை நிறைய பேருக்கு. அப்படியானால் போய்ச் சேருவதற்கு முன் ஷெட்டை நேரில் பாருங்கள். கட்டடத்தைப் பார்க்க வேண்டாம், ஏசி வகுப்பறையைப் பார்க்க வேண்டாம். ஓடுகிற நிலையில் எத்தனை இயந்திரம் இருக்கிறது, ஒரு இயந்திரத்துக்கு எத்தனை பேர், ஒருவர் கையில் ஸ்பேனர் இருக்கிற நேரம் வாரத்துக்கு எவ்வளவு? முப்பது பேர் சுற்றி நின்று ஒருவர் கழற்றுவதைப் பார்ப்பது செய்முறைப் பயிற்சியில் சேராது. வெட்டித் திறந்து பெயின்ட் அடித்த இன்ஜின் பார்க்க அழகாக இருக்கும், அதில் கோளாறு தேடக் கற்க முடியாது. பயிற்றுநர் வேண்டுமென்றே ஒரு கோளாறை வைத்துவிட்டு மாணவர்களைத் தேடவிடுகிறாரா என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு வருகிற பதிலில் பாதி விஷயம் தெரிந்துவிடும். பிரஷர் கேஜ், ஃப்ளோ மீட்டர், லேப்டாப், டயக்னாஸ்டிக் மென்பொருள் எல்லாம் மாணவர்கள் கைக்கு வருகிறதா, பூட்டிய அலமாரியில் இருக்கிறதா? பயிற்றுநர் கடைசியாக எப்போது சைட்டில் வேலை பார்த்தார்? "நூறு சதவீத வேலைவாய்ப்பு" என்று பலகையில் எழுதியிருந்தால், என்ன வேலை, என்ன சம்பளம், எத்தனை பேர் ஓராண்டுக்குப் பிறகும் அதே தொழிலில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். முடித்துப்போன பழைய மாணவர்கள் நாலு பேரோடு நீங்களே பேசுங்கள், அவர்கள் தேர்ந்து கொடுக்கிற ஆட்களோடு மட்டும் இல்லாமல்.

ஆன்லைன் படிப்பை ஒதுக்கத் தேவையில்லை. மின்சார அடிப்படை, ஹைட்ராலிக் கோட்பாடு, வரைபடம் படிப்பது, இதெல்லாம் திரையில் நன்றாகவே வரும், செலவும் குறைவு. கைக்கு வர வேண்டியது திரையில் வராது. ஒரு போல்ட் அறுந்துபோகும் முன் கைக்கு எப்படித் தெரியும் என்பதை எந்த வீடியோவும் தராது.

கருவிச் செலவு பலருக்கும் எதிர்பாராத அடியாக வருகிறது. சில நாடுகளில், சில ஷெட்டுகளில் கைக்கருவிகளை மெக்கானிக்கே சொந்தமாக வைத்திருக்க வேண்டும், கனரக இயந்திரத்துக்கு வேண்டியவை காருக்கு வேண்டியதைவிடப் பெரியவை, விலையும் அப்படி. சில இடங்களில் எல்லாம் கம்பெனியே தரும். வேலைக்குச் சேரும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் சம்பளம் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தாலும் கருவி தருகிற இடம் முதல் இரண்டு ஆண்டுக்கு உண்மையில் மேல். கடனுக்கு ஒரு பெரிய பெட்டி நிறையக் கருவி வாங்கிக்கொண்டு தொடங்குவது தேவையே இல்லை. நல்ல சாக்கெட் செட், ஸ்பேனர்கள், ஒரு நம்பகமான மல்டிமீட்டர், இதோடு தொடங்கி, ஒரு வேலைக்கு இரண்டாவது தடவை இரவல் கேட்க வேண்டி வந்தால் அந்தக் கருவியைச் சொந்தமாக வாங்குங்கள். மல்டிமீட்டரில் மட்டும் மலிவு பார்க்க வேண்டாம்.

வருமானப் பக்கத்தில் சம்பளத்தைத் தவிர வேறு சிலவும் உண்டு. ஓவர்டைம், இரவு அழைப்பு, தொலைவான சுரங்கத்தில் தங்கி வேலை செய்வதற்கான படி, இவை சேர்ந்தால் அடிப்படைச் சம்பளத்தைவிடக் கைக்கு வருவது கணிசமாக உயரும். ஆனால் விளம்பரத்தில் பெரிய எண்ணைப் போடும்போது பெரும்பாலும் இதையெல்லாம் சேர்த்துத்தான் போடுவார்கள். சுரங்கத்தில் வாரக்கணக்கில் தங்கி, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்த்து வாங்குகிற சம்பளத்தை, வீட்டுக்குத் தினமும் வருகிற வேலையின் சம்பளத்தோடு ஒப்பிடக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று இரண்டையும் வகுத்துப் பாருங்கள். சில பேருக்கு அந்த வாழ்க்கை பொருந்தும், சின்ன வயதில் நாலைந்து ஆண்டு அப்படி இருந்து கடனை அடைத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. குடும்பத்தோடு பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

உடம்பும் செலவுக் கணக்கில் உண்டு, இதை யாரும் எழுதிவைப்பதில்லை. முதுகு, முழங்கால், காது. 85 டெசிபலுக்கு மேல் நாள் முழுக்க நிற்கிறவர் காது அடைப்பான் போடாவிட்டால் கேட்கும் திறன் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், போனது திரும்பாது. ஹைட்ராலிக் ஹோஸில் ஊசித் துளை அளவுக் கசிவு இருந்தால் அந்த எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது, ஆனால் அது உடனே அறுவை சிகிச்சை வேண்டிய காயம், சில மணி நேரம் தாமதித்தாலும் விரலோ கையோ போகலாம். கசிவைக் கையால் தடவித் தேடக் கூடாது, அட்டைத் துண்டை வைத்துத்தான் பார்க்க வேண்டும். தூக்கிய பூமுக்கும் பக்கெட்டுக்கும் கீழே தாங்கு கொடுக்காமல் போகக் கூடாது. வேலை பார்க்கும்போது வேறு யாரும் ஸ்டார்ட் பண்ண முடியாதபடி பூட்டுப் போட்டு அட்டை மாட்ட வேண்டும். இதை முதல் வாரத்திலேயே கறாராகக் கற்றுத் தராத பயிற்சி நிலையத்தில் உங்கள் பிள்ளையைச் சேர்க்காதீர்கள், இலவசமாகக் கொடுத்தாலும் சேர்க்காதீர்கள்.

சொந்தமாக வண்டி வைத்து, அழைத்த இடத்துக்குப் போய் வேலை பார்க்கிற யோசனை எல்லா மெக்கானிக்குக்கும் ஒரு கட்டத்தில் வரும். வருமான உச்சம் அங்கேதான் இருக்கிறது, ஆனால் செலவும் அங்கே தாவுகிறது: சர்வீஸ் வண்டி, கிரேன், காப்பீடு, கருவி, அப்புறம் மென்பொருள். ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி டயக்னாஸ்டிக் மென்பொருள், ஆண்டு உரிமம், சில வேலைகள் டீலருக்கு மட்டும் திறக்கும். கோளாறைக் கண்டுபிடித்துப் பாகத்தை மாற்றிவிட்டு, கடைசியில் கன்ட்ரோலருக்கு அதை அறிமுகப்படுத்த டீலருக்காகக் காத்திருக்கிற நிலை உண்டு. அமெரிக்காவில் விவசாய இயந்திரங்களில் இந்தச் சண்டை பெரிதாகி, 2023ல் கொலராடோ மாநிலம் விவசாய இயந்திரங்களுக்குப் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது, 2024 ஜனவரியில் அமலுக்கு வந்தது. 2025 ஜனவரியில் அங்குள்ள மத்திய வர்த்தக ஆணையமான எஃப்டிசி, விவசாய இயந்திரக் கம்பெனியான ஜான் டியர் மீது இதே விஷயத்தில் வழக்குப் போட்டது. கட்டுமான இயந்திரங்களில் தனி மெக்கானிக்கின் எதிர்கால வருமானமும் இந்தக் கதவு எவ்வளவு திறக்கிறது என்பதைப் பொறுத்திருக்கிறது. ஆகவே படித்து முடித்ததும் தனியாகப் போகிறேன் என்று கணக்குப் போடாதீர்கள். டீலரிடம் சில ஆண்டு இருந்தால் அந்தக் கம்பெனிப் பயிற்சிகளை அவர்கள் செலவில் முடித்துக்கொள்ளலாம்.

பேட்டரி எக்ஸ்கவேட்டர் வந்துவிட்டதே, டீசல் மெக்கானிக் வேலை போய்விடாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. சின்ன இயந்திரங்களில் பேட்டரி வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் அதிலும் பம்ப் இருக்கிறது, சிலிண்டர் இருக்கிறது, டிராக் இருக்கிறது. மாறுவது இன்ஜின் இருந்த இடம். பல இயந்திரங்களில் அங்கே ஆரஞ்சு நிறக் கேபிளில் உயர் அழுத்த மின்சாரம் வருகிறது, தனிப் பயிற்சி இல்லாமல் அதைத் தொடக் கூடாது. இன்றைக்கு ஹைட்ராலிக்கும் மின்சாரமும் நன்றாகக் கற்றவருக்கு இதைக் கூடுதலாகக் கற்பது சில வார வேலை. இன்ஜினை மட்டும் கற்றவருக்குக் கஷ்டம்.

ஏற்கெனவே ஆபரேட்டராக இருப்பவர்கள் இந்தக் கணக்கை வேறு மாதிரி போட வேண்டும். உங்களுக்கு இழப்புச் சம்பளம் ஹெல்பரைவிட அதிகம், அதனால் முழுநேரப் படிப்பு உங்களுக்கு விலை கூடியது. ஆனால் இயந்திரம் ஆரோக்கியமாக இருக்கும்போது எப்படிச் சத்தம் போடும், லீவரைத் தொட்டால் எவ்வளவு நேரத்தில் பூம் எழும் என்பது உங்கள் உடம்புக்கே தெரியும். வகுப்பில் உட்கார்ந்து அதை வாங்க முடியாது. வேலையை விடாமல், வரைபடம், மின்சாரம், ஹைட்ராலிக் கோட்பாடு மூன்றையும் மாலையிலோ ஆன்லைனிலோ முடியுங்கள். உங்கள் இயந்திரத்துக்கு டீலர் ஆள் சர்வீஸுக்கு வருகிற நாளில் கேபினிலோ நிழலிலோ போய் உட்காராமல் அவரோடு நில்லுங்கள். ஏன் அந்த போர்ட்டில் கேஜை மாட்டுகிறார், என்ன எண் வர வேண்டும், என்ன வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். அப்படிக் கொஞ்ச காலம் போன பிறகு, செய்முறை மட்டும் உள்ள குறுகிய காலப் பயிற்சி ஒன்றுக்குச் சம்பளத்தோடு விடுப்புத் தர முடியுமா என்று முதலாளியிடம் கேளுங்கள், சின்னக் கோளாறுக்கெல்லாம் வெளியாளுக்குக் காத்திருக்க வேண்டாம் என்பதை அவருக்கு மணிக்கணக்கில் காட்டிக் கேளுங்கள்.